நினைவகம் தீர்ந்த வேளையில் இயங்குதளம் எழுதும் குறிப்பு: நன்னூல் வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கர்னல், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களுள் ஒன்றை வலிந்து முடித்துவிட்டு அந்நிகழ்வைப் பதிவேட்டில் எழுதுகிறது. அப்பதிவை ஒரு பனுவலாகக் கொண்டு, பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் சுட்டும் நூற்குற்றங்களுள் பொருந்துவன சிலவற்றால் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நினைவகத்தைக் கேட்ட நிரல், மிகுதியாக வைத்திருந்த நிரல், முடிக்கப்பட்ட நிரல் ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கக்கூடும். பதிவின் தொடரமைப்பு இதனை மறைக்கிறது. இதனைத் தமிழில் தர முனைவோர் கலைச்சொல்லுக்கு முன்னே வேற்றுமையைக் கவனிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கணித்தமிழ், இயங்குதளப் பதிவு, நினைவகம், நன்னூல், நூற்குற்றம், வேற்றுமை, மொழியாக்கம்.

முன்னுரை

அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டியில் ஒரு கணினி மையத்தில் நேர்ந்த சிறு நிகழ்விலிருந்து இவ்வாய்வு தோன்றியது. அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் கல்வெட்டுகளைப் படமெடுத்துக்கொண்டு, அவற்றைத் தெளிவாக்குவதற்காக அம்மையத்தின் கணினியில் அமர்ந்திருந்தேன். 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி அது. உரிமக் கட்டணம் இல்லாமையால் உரிமையாளர் அதில் லினக்ஸ் நிறுவியிருந்தார். ஒருபுறம் படத்திருத்தி மென்பொருளில் பெரிய படங்கள் பல திறந்திருந்தன. மறுபுறம் உலாவியின் ஒரு தாவலில், இணையப் படிவம் ஒன்றுள் ஆய்வேட்டின் இயற்சுருக்கத்தை நேரடியாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். (அவ்வாறு செய்யலாகாது என்பதை இப்போது அறிவேன்.) கணினி சில நொடிகள் உறைந்தது. பின்னர் அத்தாவல் வெறுமையாயிற்று. இரண்டு மணி நேர உழைப்பு போயிற்று.

உரிமையாளர் பொறுமையுடையவர். கணினியின் பதிவைத் திறந்து, சிவப்பு நிறத்தில் இருந்த முதல் வரியைப் படித்தார். அதில் தமிழ்த் தட்டச்சுக்கான உள்ளீட்டு மென்பொருளின் பெயர் இருந்தது. ‘தமிழ் டைப்பிங்தான்மா எல்லாத்தையும் தின்னிருக்கு, எடுத்துட்டேன்’ என்று சொல்லி அம்மென்பொருளை நீக்கிவிட்டார். அடுத்த முறை நான் சென்றபோதும் அக்கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லை.

அப்பதிவைப் பின்னர் முழுமையாகப் படித்தபோது, தமிழ் உள்ளீட்டு மென்பொருள் கேட்டது ஒரே ஒரு பக்கம், அதாவது 4 கிலோபைட் மட்டுமே என்பது தெரிந்தது. ஆகவே உரிமையாளரின் வாசிப்புப் பிழையானது. ஆயினும் அப்பிழைக்கு அவர் பொறுப்பாளர் அல்லர் என்பதே என் துணிபு. வாசகரை அவ்வாறு வாசிக்கத் தூண்டுமாறு அத்தொடர் அமைந்திருக்கிறது.

ஆய்வுக் களமும் அளவுகோலும்

தமிழ்நாட்டில் இப்பதிவு அயலான பொருள் அன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. பட்டியல்களும் உரையாடல் பெட்டிகளும் தமிழில் தோன்றும் வசதியைத் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் உருவாக்கியளித்தனர். எனினும் அவ்வழகிய தமிழ் முகப்பின் அடியில் இயங்குவது உலகெங்கும் உள்ள அதே கர்னல். அது எழுதும் பதிவும் அதே ஆங்கிலப் பதிவு.

கணித்தமிழ் சார்ந்த ஆய்வுகள் எழுத்துரு, குறியேற்றம், கலைச்சொல் ஆகியவற்றில் ஆழ்ந்து உழைத்துள்ளன. ‘மெமரி’ என்பதற்கு நினைவகமா நினைவியா என்னும் வினா பல கருத்தரங்குகளைக் கண்டுவிட்டது. கணினி மனிதனுக்குச் சொல்லும் முழுத்தொடர், அதன் எழுவாய், அதன் வினை ஆகியவை அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. பயனரைத் திகைக்க வைப்பது பெரும்பாலும் தொடரே.

13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூல், சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றியது. அதன் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் நூலுக்குரிய பத்து அழகுகளையும் வகுக்கிறது. இயந்திரம் எழுதும் பதிவு நன்னூலார் கருதிய ‘நூல்’ அன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்குற்றங்கள் வாசிப்பவரின் இடர்ப்பாட்டிலிருந்து வகுக்கப்பட்டவை. குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் எந்த எழுத்திலும் ஒரே தீமையைத்தான் செய்கின்றன. அந்த அளவில் இவ்வளவுகோல் பொருந்தும் எனக் கொள்ளப்படுகிறது. பத்துக் குற்றங்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டுவது இங்கு நோக்கம் அன்று.

நிகழ்வது என்ன?

கர்னல் தன்னிடம் உள்ளதைவிட மிகுதியான நினைவகத்தை நிரல்களுக்கு வாக்களிப்பது வழக்கம். கேட்டதனைத்தையும் எல்லா நிரல்களும் ஒரே வேளையில் பயன்படுத்துவதில்லை என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. பெரும்பாலும் அந்நம்பிக்கை பலிக்கிறது. பலிக்காத வேளையில், வாக்களித்த நினைவகத்தை நிரல் உண்மையிலேயே தொடும்போது கொடுக்க ஒன்றும் இல்லாமற் போகிறது. அப்போது கர்னல் இயங்கிவரும் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு மதிப்பெண் கணக்கிடுகிறது. செயல்முறை உண்மையில் பிடித்து வைத்திருக்கும் நினைவகம், இடமாற்று வட்டில் உள்ள பகுதி, பக்க அட்டவணைகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு, -1000 முதல் 1000 வரை முன்கூட்டியே குறித்து வைக்கக்கூடிய ஒரு சரிக்கட்டல் எண்ணும் சேர்கிறது. உச்ச மதிப்பெண் பெற்றது முடிக்கப்படுகிறது. இம்முறை 2010இல் மாற்றியமைக்கப்பட்டது. முடிப்பதற்கு அனுப்பப்படும் குறிப்பை எந்த நிரலும் தடுக்கவோ செவிமடுக்கவோ இயலாது. ஆகவே முடிக்கப்படும் நிரல் தானாக ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நடந்ததற்குச் சான்று கர்னலின் பதிவு மட்டுமே.

மீன்சுருட்டியில் நடந்ததை இம்முறையில் வைத்துப் பார்க்கலாம். எண்களை முழுமையாக்கித் தருகிறேன். படத்திருத்தி ஏறக்குறைய 1,800 மெகாபைட் வைத்திருந்தது. உலாவித் தாவல் 1,100 மெகாபைட் வைத்திருந்தது. ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் படத்திருத்தியின் மதிப்பெண் 440 அளவிலும், தாவலுடையது 270 அளவிலும் அமைய வேண்டும். ஆனால் அவ்வுலாவி தன் தாவல்களுக்கு 300 என்னும் சரிக்கட்டலைத் தானே இட்டுக்கொள்கிறது. தாவல் போனாலும் உலாவி பிழைக்கட்டும் என்பது அதனை வடிவமைத்தோர் கருத்து. எனவே தாவலின் மதிப்பெண் 570ஐ எட்டியது. தாவல் மாண்டது. படத்திருத்தி பிழைத்தது. பழியோ தமிழ் உள்ளீட்டின்மேல் விழுந்தது.

மயங்க வைத்தல்: முதல் வரியின் எழுவாய்

பதிவின் முதல் வரி, ஒரு நிரலின் பெயரை எழுவாயாக்கி, அது ‘இன்வோக்ட் ஓஓஎம்-கில்லர்’ என்று கூறுகிறது. இன்ன நிரல் நினைவகக் கொலையாளியை அழைத்தது என்பது நேர்ப்பொருள். உண்மையில் அந்நிரல் எவரையும் அழைக்கவில்லை. நினைவகம் தீர்ந்திருந்த நொடியில் தற்செயலாக ஒரு பக்கத்தைக் கேட்டு நின்றது அது. குடம் நிறையும் தறுவாயில் விழுந்த கடைசித் துளியைப் போன்றது அதன் பங்கு. ஆயினும் எழுவாய் இடத்தையும் செய்வினையையும் அதற்குக் கொடுத்துவிட்டபின், வாசிப்பவர் அதனை வினைமுதலாகக் கொள்வது இலக்கணப்படி முறையே ஆகும். நன்னூலார் மயங்க வைத்தல் எனச் சுட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான சான்றை நான் கண்டதில்லை.

இம்மயக்கம் அறியப்படாதது அன்று. பல லினக்ஸ் வழங்கல்களில் சேவைகளை மேற்பார்க்கும் சிஸ்டம்டி என்னும் மென்பொருள், பதிவுகளுக்கு விளக்கம் தரும் ஒரு பட்டியலை உடன் வைத்துள்ளது. நினைவகக் குறைவால் ஒரு சேவை முடிக்கப்பட்டதற்கான விளக்கத்தில், அந்நெருக்கடிக்கு முடிக்கப்பட்ட சேவையே காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்னும் கருத்து இடம்பெறுகிறது. முடிக்கப்பட்டதன் மீதான பழியை இது நீக்குகிறது. கேட்டதன் மீதான பழி அப்படியே நிற்கிறது.

வேறு இயங்குதளங்கள் இவ்விடத்தில் எப்படி எழுதுகின்றன என்பதும் நோக்கத்தக்கது. விண்டோசில் நினைவகம் குறையும்போது 2004 என்னும் எண்ணுடைய நிகழ்வுப்பதிவு எழுதப்படுகிறது. மிகுதியாகப் பயன்படுத்தும் நிரல்களின் பெயரையும் அளவையும் அது நேரே தருகிறது. ஐபோனின் ஜெட்சாம் அறிக்கையில் மிகப்பெரிய செயல்முறை எது என்பதற்குத் தனிப்புலம் ஒன்றும், ஒவ்வொன்றும் முடிக்கப்பட்ட காரணத்துக்கு வேறொரு புலமும் உள்ளன. யார் வைத்திருந்தார் என்பதையும் யார் மாண்டார் என்பதையும் அவை பிரித்தெழுதுகின்றன. லினக்சின் பதிவிலும் இவ்விவரம் இல்லாமல் இல்லை. நூறு வரிப் பட்டியலுக்குள் அது புதைந்து கிடக்கிறது.

சோழர் கால அரசாணைக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. வாய்மொழியாக ஆணையிட்டவர், ஓலை எழுதியவர், ஒப்பிட்டுப் பார்த்தவர், புரவுவரித் திணைக்களத்தில் வரிப்பொத்தகத்தில் பதிந்தவர் எனப் பங்கேற்பாளர் அனைவரும் அவ்வாணைகளில் தத்தம் பணியோடு தனித்தனியே குறிக்கப்படுகின்றனர். ஒருவர் பணி மற்றொருவர் மேல் ஏறுவதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆவணமுறையைக் கணினிக்கு முன்னோடியாக்கும் எண்ணம் எனக்கில்லை. பொறுப்பைப் பகுத்து எழுதுவது பதிவெழுத்தின் முதற்கடமை என்பதற்கு மட்டுமே இவ்வொப்புமை.

மாறுகொளக் கூறலும் ஒரு திருத்தத்தின் விலையும்

2019க்கு முந்தைய கர்னல்களில் இறுதிப்பகுதி இரண்டு வரிகளாக இருந்தது. முதல் வரி, இன்ன எண்ணுடைய செயல்முறையை இவ்வளவு மதிப்பெண்ணுக்காகக் கொல்க, ‘ஆர் சேக்ரிஃபைஸ் சைல்டு’, அல்லது அதன் சேயைப் பலியிடுக என்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட செயல்முறையை விட்டுவிட்டு, அது ஈன்ற சேய்ச்செயல்முறைகளுள் ஒன்றை முடிப்பதை அக்காலக் கர்னல் விரும்பியது. அதனால் அடுத்த வரியில் ‘கில்டு’, கொல்லப்பட்டது, என்னும் சொல்லுடன் வேறோர் எண் வருவதுண்டு. முதல் வரி ஒருவனைக் கொல்லச் சொல்கிறது, இரண்டாம் வரி மற்றொருவன் கொல்லப்பட்டான் என்கிறது. மாறுகொளக் கூறல் என்னும் குற்றம் இதுவே. பெரியபுராணம் பயின்றவர்க்குச் சிறுத்தொண்டர் நினைவு வருவதைத் தவிர்க்க இயலாது. ஆனால் அங்குக் கேட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பதில் ஐயமில்லை.

2019இல் சேயை முன்னிறுத்தும் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அதனுடன் அவ்வரியும் நீங்கியது. இப்போது ஏவலாகிய ‘கில்’ போய், இறந்தகால ‘கில்டு’ மட்டும் நிற்கிறது. நடந்ததை நடந்ததாகக் கூறும் தொடர் இது. வரவேற்கத்தக்க திருத்தம். ஆனால் நீங்கிய வரியோடு மதிப்பெண்ணும் நீங்கிவிட்டது. சரிக்கட்டல் எண், பயனர் எண் முதலியன புதிதாகச் சேர்க்கப்பட்டன. ஏன் இது தேர்ந்தெடுக்கப்பட்டது என்னும் வினாவுக்கு விடையாகிய கூட்டு மதிப்பெண் மட்டும் அவ்வரியில் இல்லை. வாசிப்பவர் அதனைத் தாமே கணக்கிட்டு அறிய வேண்டும். மாறுகொளக் கூறலை நீக்கிய கை குன்றக் கூறலைக் கொண்டுவந்து வைத்தது. இத்திருத்தத்தைப் பாராட்டுவோர் இவ்விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அளவைகளின் மயக்கம்

என் பார்வையில் இப்பதிவின் மிகக் கடுமையான குறை அளவையில் உள்ளது. முடிக்கப்பட்ட செயல்முறையைக் கூறும் வரி கிலோபைட்டில் பேசுகிறது. அதற்குமுன் வரும் செயல்முறைப் பட்டியல் பக்கங்களில் பேசுகிறது. ஒரு பக்கம் என்பது வழக்கமான கணினிகளில் 4 கிலோபைட். அதே பட்டியலின் பக்க அட்டவணை என்னும் நிரை மட்டும் பைட்டில் பேசுகிறது. ஒரே அறிக்கையில் மூன்று அளவைகள்.

இதன் விளைவை மீன்சுருட்டிப் பதிவிலேயே காணலாம். பட்டியலில் படத்திருத்திக்கு எதிரே ஏறக்குறைய 460,800 என்னும் எண் இருந்தது. அது 460,800 பக்கங்கள், அதாவது 1,800 மெகாபைட். முடிக்கப்பட்ட தாவலுக்கான வரியில் 1,126,400 அளவிலான எண் இருந்தது. அது கிலோபைட், அதாவது 1,100 மெகாபைட். எண்களை மட்டும் ஒப்பிடுபவர் தாவல் படத்திருத்தியைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது என்றே முடிவு செய்வார். உண்மை அதற்கு நேர்மாறானது.

பல ஆண்டுகள் அப்பட்டியலின் தலையில் அளவை இன்னது என்னும் குறிப்பே இல்லாதிருந்தது. நினைவக மதிப்புகள் பக்கங்களில் தரப்பட்டுள்ளன என்னும் பொருளுடைய அடைப்புக்குறித் தொடர் 2018இல் சேர்க்கப்பட்டது. நான்கைந்து சொற்கள் மட்டுமே கொண்ட அத்திருத்தத்தின் பயன் பெரிது. அளவையை ஒன்றாக்கியிருந்தால் அத்தொடருக்கே தேவை இருந்திராது.

தஞ்சை இராசராசேச்சுவரத்துக் கல்வெட்டுகளில் நெல் அளக்கப்படும் இடங்களில், இராசகேசரிக்கு ஒப்பான ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என அளவை பெயரோடு சுட்டப்படுகிறது. பொன் நிறுப்பதற்கும் ஆடவல்லான் என்னும் கல், அணிகலன்கள் சிலவற்றுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல் எனக் குறித்தே எழுதினர். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் நாட்டில் அளவை சொல்லாத எண் வழக்குக்கு இடம் தரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அளவையோடு வரிசையும் குறையுடையது. முடிக்கப்பட்ட செயல்முறைக்கு முதலில் தரப்படும் எண் ‘டோட்டல்-விஎம்’, அதாவது அது கேட்டு வைத்திருந்த முகவரிப் பரப்பு முழுமையும். அது பல ஜிகாபைட்டாகவும் இருக்கலாம். தேர்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டாவில் உள்ள பரப்புக்கும் அடங்கலில் பயிர் ஏறிய பரப்புக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. பயிரேறிய பரப்பே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. அது அவ்வரியில் பின்னால், அதுவும் மூன்று துண்டுகளாகப் பிரிந்து வருகிறது. முறையின் வைப்பு என்னும் அழகை இங்கு எதிர்பார்ப்பது மிகையான வேண்டுகோள் அன்று.

மிகைபடக் கூறல் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. அழைப்புத் தடமும் நினைவக மண்டலங்களின் நிலையும் வல்லுநர்க்குத் தேவைப்படுபவை. செயல்முறைப் பட்டியலை வேண்டாதார் நிறுத்திக்கொள்ள வழி உண்டு.

பெயர் குறைதலும் தமிழ் எழுத்தும்

செயல்முறையின் பெயருக்குக் கர்னல் ஒதுக்கியுள்ள இடம் 16 பைட். இறுதியில் ஒரு பைட் முடிவுக்குறிக்குப் போக, பெயருக்குக் கிடைப்பது 15. பயர்பாக்ஸ் உலாவியின் தனித்த இணையப் பக்கச் செயல்முறை, பதிவில் ‘ஐசொலேட்டட் வெப் கோ’ என்று முடிவது இதனால்தான். ‘கன்டென்ட்’ என்பதன் முதல் இரண்டு எழுத்துகளோடு இடம் தீர்ந்துவிடுகிறது. அதனை ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் என எண்ணியவரையும் நான் அறிவேன்.

ஆங்கிலத்துக்கு 15 எழுத்து. தமிழுக்கு எத்தனை? யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் கொள்கிறது. ஆகவே ஐந்து குறிகள். குறி என்பது எழுத்து அன்று. உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கும் ஒன்று. ‘சொற்செயலி’ என ஒரு மென்பொருளுக்குப் பெயரிட்டால், ச, ஒகரக்குறி, ற, புள்ளி, ச என்னும் ஐந்தோடு பெயர் முடிந்துவிடும். பதிவில் நிற்பது ‘சொற்ச’. வெட்டு குறிகளுக்கு இடையில் விழுந்ததால் எழுத்து சிதையவில்லை. ஆனால் எகரக்குறியை இழந்த ‘செ’ அகரமேறிய ‘ச’ ஆகிவிட்டது. குறுக்கம் மட்டுமன்று, இது திரிபும் ஆகும். ‘தமிழ்த்தட்டச்சு’ என்று பெயர் வைத்தால் ‘தமிழ்’ என்பதோடு நிற்கும். மீன்சுருட்டி நிகழ்வை நினைக்கும்போது, கொலையாளியை அழைத்தது ‘தமிழ்’ என ஒரு பதிவு எழுந்தால் எப்படி வாசிக்கப்படும் என்னும் எண்ணம் எழுகிறது.

மேலும் ஓர் இடர் உண்டு. கர்னல் பதிவை வெளியே தரும் வாயில், ஆஸ்கி வரம்புக்குள் வராத ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாக மாற்றியே தருகிறது. வாசிக்கும் மென்பொருள் அதனை மீளவும் எழுத்தாக்கினால்தான் தமிழ் தோன்றும். தமிழில் மென்பொருட்களுக்கு உட்பெயர் வைப்பது பெருமைக்குரியதெனக் கருதும் நண்பர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். முகப்பில் தமிழ்ப்பெயரும் உள்ளே சுருக்கமான ஆங்கில எழுத்துப் பெயரும் என்னும் ஏற்பாடே இப்போதைக்குத் தீங்கற்றது.

எங்கே மொழிபெயர்ப்பது?

கர்னலின் பதிவையே தமிழாக்கிவிடலாம் என்னும் கருத்தை ஏற்க இயலவில்லை. பயனர் தம் சிக்கலுக்குத் தீர்வு தேடுவது அப்பதிவின் சொற்களை அப்படியே தேடுபொறியில் இட்டுத்தான். அச்சொற்கள் மொழிக்கு மொழி மாறினால் தேடல் துண்டாகும். வலுவான காரணம் வேறொன்று: மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறக்கவும் நினைவகம் வேண்டும். நினைவகம் இல்லை என்று சொல்லவேண்டிய வேளையில் அது கிடைக்காது. முன்கூட்டியே ஒதுக்கிய வளைய வடிவத் தாங்ககத்தில், முன்கூட்டியே அமைந்த சொற்களால்தான் அப்போது எழுத முடியும். அவ்வெழுத்து வறியதாக இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே விளக்கம் பின்னர், வெளியிலிருந்து வர வேண்டும். மேலே சுட்டிய சிஸ்டம்டியின் விளக்கப் பட்டியல் அதற்கென்றே அமைந்தது. மூலப்பதிவு மாறாமல் நிற்க, அதன்கீழ்ப் பயனரின் மொழியில் விளக்கம் தோன்றும். போலிய மொழி, உருசிய மொழி, கொரிய மொழி முதலியவற்றில் அவ்விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. தமிழாக்க ஆர்வலர் உழைக்கத்தக்க இடம் இது. பதிவைப் பகுத்து வாசித்து எளிய தொடராகத் தரும் சிறு கருவி ஒன்றும் இயல்வதே. பள்ளி ஆய்வகங்களுக்கும் சிற்றூர்க் கணினி மையங்களுக்கும் அது பயன்படும்.

வேற்றுமையால் ஒரு தீர்வு

அவ்விளக்கத்தைத் தமிழில் எழுதும்போது ‘இன்வோக்ட்’ என்பதற்கு ‘அழைத்தது’ எனவோ ‘தூண்டியது’ எனவோ எழுதினால் ஆங்கிலத்தின் மயக்கம் அப்படியே தமிழுக்கு வந்துவிடும். ‘தூண்டியது’ என்பது அதனை மேலும் கூட்டும். இங்குச் சிக்கல் வினைச்சொல்லில் இல்லை, எழுவாயில் உள்ளது.

தமிழில் தேவையைக் கூறுகையில் தேவையுடையது எழுவாயாக வருவது கட்டாயம் அன்று. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதில் ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. வேண்டுவோர் இங்கு எதனையும் செய்பவர் அல்லர். கேட்ட நிரலை இவ்விடத்தில் வைத்தால் பழி தானாக நீங்குகிறது: ‘தமிழ் உள்ளீட்டுக்கு 4 கிலோபைட் தேவைப்பட்டது.’ வைத்திருந்த நிரலுக்கு, அலுவலக வழக்கில் உள்ள ‘வசம்’ என்னும் சொல் பொருந்துகிறது. ‘இடம்’ என்னும் உருபு உயர்திணைச் சார்புடையதாகலின் மென்பொருளுக்குச் சற்று ஒட்டவில்லை. முடிக்கப்பட்டதை எழுவாயாக்கிச் செயப்பாட்டுவினை தரலாம். ஆனால் ‘ஆல்’ உருபுடன் கர்னலைக் குறிப்பிடாமல் ‘முடிக்கப்பட்டது’ என்று மட்டும் நிறுத்தினால் வினைமுதல் மறைந்துவிடும். செயப்பாட்டுவினையின் நிலையான ஆபத்து அது.

‘கில்’ என்பதற்கு ‘நிறுத்து’ என எழுதுவோர் உளர். இயங்குதளத்தில் நிறுத்துதல் வேறு. நிறுத்தியதைத் தொடரச் செய்யலாம், முடித்ததைத் தொடரச் செய்ய இயலாது. ‘கொல்’ என்பது துல்லியமானது, எனினும் அஞ்சவைப்பது. ‘வலிந்து முடித்தல்’ என்பதை நான் ஏற்கிறேன். இறுதியில் வரும் ‘ஓஓஎம் ரீப்பர்’ என்னும் வரி 2016இல் சேர்ந்தது. ஆங்கிலத்தில் ரீப்பர் அரிவாள் ஏந்திய மரணத்தின் உருவம் என்பதால் ‘கூற்றுவன்’ எனப் பெயர்க்கும் ஆசை தமிழறிந்தார்க்கு எழும். அது பிழையாகும். கூற்றுவன் உயிரையும் உடலையும் கூறுபடுத்துபவன். இங்கு அப்பணி முன்பே முடிந்துவிட்டது. மாண்ட செயல்முறையிடம் எஞ்சிய நினைவகத்தை மீட்டுச் சேர்ப்பதே இவ்வரி கூறும் பணி. ‘அறுவடை’ என்னும் நேர்ச்சொல்லோ ‘மீட்பு’ என்னும் பொதுச்சொல்லோ போதும்.

இவற்றைக் கொண்டு மீன்சுருட்டிப் பதிவுக்கு எழுதிப் பார்த்த விளக்கம் பின்வருமாறு:

‘கணினியின் நினைவகம் தீர்ந்துவிட்டது. அவ்வேளையில் தமிழ் உள்ளீட்டுக்கு 4 கிலோபைட் தேவைப்பட்டது. தீர்ந்ததற்கு அது காரணம் என்று கொள்ள வேண்டாம். மிகுதியான நினைவகம் படத்திருத்தியின் வசம் இருந்தது: 1,800 மெகாபைட். உலாவியின் ஒரு தாவல் (1,100 மெகாபைட்) கர்னலால் வலிந்து முடிக்கப்பட்டது. உலாவி தன் தாவல்களை முதலில் விட்டுக்கொடுக்குமாறு குறித்து வைத்திருந்ததால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது (மதிப்பெண் 570, படத்திருத்திக்கு 440). அத்தாவலில் சேமிக்காதவை மீளா.’

எல்லா அளவைகளும் ஒன்றாக உள்ளன. ஒப்பிட வேண்டிய எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலத்திலும் இவ்வாறு எழுத முடியும். தமிழுக்கே உரிய ஆற்றல் இது என நான் வாதிடவில்லை. நான்காம் வேற்றுமை நமக்குக் கைவந்த வழக்காக இருப்பதால் எழுதுவது எளிது, அவ்வளவே.

‘அது காரணம் என்று கொள்ள வேண்டாம்’ என்னும் தொடர் குறித்து எனக்கே ஐயம் உண்டு. கேட்ட நிரலே நினைவகத்தை வீணடித்த நிரலாகவும் இருக்கும் நிகழ்வுகள் பல. அப்போது இத்தொடர் பொய்யாகும். கேட்டதன் வசம் இருந்த அளவையும் உடன் தந்து, தீர்ப்பை வாசிப்பவரிடமே விடுவது நேர்மையானதாக இருக்கலாம். அவ்வாறு எழுதிய மற்றொரு வடிவத்தை அச்செடுத்து அம்மைய உரிமையாளரிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார். ‘அப்ப போட்டோ சாஃப்ட்வேரா?’ என்று கேட்டார். தமிழ் உள்ளீடு அன்று மாலையே அக்கணினிக்குத் திரும்பியது.